சொன்ன காரணம், சொல்லாத காரணம்

அத்தியாயம் பதினான்கு

ஜுனைதாவுக்கு அன்று இரண்டு வேலைகள் இருந்தன. சாயங்கால அஸர் தொழுகை முடிந்து வரப்போகிற, அக்கா முறையான குல்சும் லாத்தாவுக்குத் தொதல் பலகாரம் செய்து வைக்க வேண்டும். அதற்கு முன்னால் புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

முதல் வேலை அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. இரண்டாவது வேலைக்குத்தான் வழியைக் காணோம்.

போன வாரம் குல்சும் லாத்தா தொண்டியிலிருந்து வந்து, தன் மகன் அஃப்ரித்துக்கு ஜுனைதாவின் மகள் சுஹாவைக் கேட்டுவிட்டுப் போனாள் அல்லவா? "வியாழக்கிழமை வாரேன். கபீரு தம்பிகிட்டப் பேசிட்டு முடிவைச் சொல்லு" என்று தவணையும் வைத்துவிட்டுத்தான் போனாள். அந்த வியாழன் இதோ வந்துவிட்டது. சுஹாவுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. வாயால் சொல்லவில்லை, ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சுஹா ஒன்றை வேண்டாம் என்று சொல்லாமல் இருப்பதே பெரிய விஷயம் என்பது பெற்றவளுக்குத் தெரியாதா?

குல்சும் லாத்தாவின் கணக்கில் இன்னொன்றும் இருந்தது. மாமனாராகப் போகிறவர் சபுரில், அதாவது கல்ஃபில் இருக்கிறார், பதினோரு வருஷமாக ஒரே கம்பெனி. மருமகனையும் அங்கேயே இழுத்துப் போட்டுவிட மாட்டாரா? இதை ஜுனைதா கேட்டபோது புருஷன் அகமது கபீர், "பார்ப்போம்" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

வீட்டு வாசலில் வைத்துச் சொல்கிற வார்த்தை மறுநாளே ஜமாஅத்துக்குப் போய்விடும். அப்புறம் அதைத் திரும்ப வாங்க முடியாது. அதனால்தான் ஜுனைதா விடியற்காலையிலிருந்து போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சுபுஹு தொழுதுவிட்டு முஸல்லா விரிப்பை மடிப்பதற்குள் 'லூக்கோ' ஆப்பில் அவர் குரல் வந்துவிடும். மழை, நோன்பு, காய்ச்சல் எதற்கும் தவறியதில்லை. இன்று வரவில்லை.

"அது வராதும்மா" என்றாள் சுஹா, செய்தியைப் படித்தபடியே. "ராத்திரி கவர்மெண்ட் தடை பண்ணிட்டாக. வெளிநாட்டு ஆப் மொத்தம் நாப்பத்தேழு. அதுல லூக்கோவும் ஒன்னு."

லூக்கோ தெரியாத வீடு அந்தத் தெருவில் கிடையாது. ஜுனைதாவின் பதினோரு வருஷக் குடும்பமே அதற்குள்தான் நடந்தது. சண்டை போட்டது அதில், சமாதானம் ஆனது அதில். மாமியார் மௌத்தான அன்று மையத்தை, கடைசி முகத்தை, அவருக்குக் காட்டியதும் அதில்தான்.

"எதுக்காம்?"

"நாட்டோட பாதுகாப்புக்காம்."

"அப்பச் சரிதான்" என்று சொல்லிவிட்டு ஜுனைதா தொதல் கிண்டும் கரண்டியைத் திருப்பிப் போட்டாள்.

சரிதான் என்றால் விடுகிற பெண்ணா சுஹா? ராமநாதபுரத்தில் கல்லூரி மூன்றாம் வருஷம் படிக்கிறாள். ஒன்றைச் சொன்னால் ஒன்பது கேட்பாள்.

"எப்படிம்மா சரி? இந்த ஆப் நேத்தா வந்துச்சு? பதினோரு வருஷமாக் கிடக்கு. அப்பல்லாம் ஆபத்தாத் தெரியாதது நேத்து ராத்திரி மட்டும் எப்படி ஆபத்தாச்சு?"

"ஏதாவது கண்டுபிடிச்சிருப்பாக."

"கண்டுபிடிச்சதைச் சொல்லணும்ல? நாப்பத்தேழு ஆப்போட பேரைப் போட்டு, கீழ ஒரே ஒரு பத்தி. பாதுகாப்பு, இறையாண்மை, உங்க நல்லதுக்குத்தான்னு. அம்புட்டுத்தான் இருக்கு."

"நம்ம நல்லதுக்குன்னு சொன்னா நம்ப மாட்டியா? ஊரு பேரு தெரியாதவன் நம்ம பேசுறதையெல்லாம் ஒட்டுக் கேட்டா நல்லாவா இருக்கும்?"

"நல்லா இருக்காதுதான். ஆபத்தே இல்லைன்னு நான் சொல்லலை. ஆனா இறால் பண்ணைக்காரங்க கழிவுத் தண்ணியைக் கடல்ல விட்டதை நம்ம ஊரு பொம்பளைங்க வீடியோ எடுத்துப் போட்டாங்கல்ல, அது இதுலதானே ஓடுச்சு? அதுவும் சேர்ந்து போயிருச்சு. இன்னைக்குக் காலைல இருந்து புதுசா ஒரு உள்ளூர் ஆப்புக்கு விளம்பரம் வேற வருது. பாதுகாப்புக்காகவே இருக்கட்டும், அதுல வேற யாருக்கெல்லாம் வசதின்னு நம்ம பாக்கணும்ல?"

"எல்லாத்துக்கும் உள்ள ஒன்னு இருக்கும்னு நினைச்சா நீ நிம்மதியாவே இருக்க முடியாது, பாத்துக்க."

"கேட்டுட்டா நிம்மதியா இருக்கலாம்ல?"

ஜுனைதாவுக்குக் கோபம் வந்தது. பெண்ணின் மேல் இல்லை. கேட்க வேண்டிய நேரத்தில் கேட்க முடியாமல் போன கோபம். அதை அடுப்பிடம் காட்ட முடியாதே.

"பெரிய கேள்விக்காரி! உங்க அத்தா இருக்குற எடத்துல வீடியோவைத் தடை பண்ணிட்டாகன்னு நாலு மாசம் முன்னாடி சொன்னாகளே, அப்ப நீ கேட்டியா? வாயை மூடிக்கிட்டுக் குரலை மட்டும் கேட்டுக்கிட்டு இருந்தேல்ல? அது மாதிரி இதுக்கும் இரு."

சுஹா போனைக் கீழே வைத்தாள். "ஆமா, அதைக் கேக்கலை" என்று மட்டும் சொன்னாள்.

நாலு மாசத்துக்கு முன்னால் ஒரு காலையில், "ஜுனைதா, இங்கன கேம்ப்ல புது ரூலு. வீடியோ போடக் கூடாது, மீறுனா போனை வாங்கிருவாக" என்று அகமது கபீர் சொன்னார். அவள் ஏன் என்றும் கேட்கவில்லை, மறுப்பும் சொல்லவில்லை. சபுராளி வீட்டுப் பெண்களுக்குத் தடை புதிதா என்ன? லீவுக்குத் தடை, விசாவுக்குத் தடை, பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளத் தடை. இதுவும் ஒன்று என்று ஏற்றுக்கொண்டாள். முகம் போய்க் குரல் மட்டும் மிஞ்சியது.

பதினொரு மணிக்கு நேராகவே அவருடைய கல்ஃபு நம்பருக்குப் போட்டுப் பார்த்தாள். அரபியில் ஒரு பெண் பேசினாள். மறுபடி போட்டாள். அதே பெண் அதையே சொன்னாள்.

"டியூட்டியில இருப்பாக" என்றாள் ஜுனைதா, யாரும் கேட்காமலே.

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு சுஹா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். முகம் சரியில்லை.

"அம்மா, ஜோதிகா ஒரு விபிஎன் அனுப்பினா. அதைப் போட்டா நம்ம போன் வேற நாட்டுல இருக்குற மாதிரி காட்டும். லூக்கோ திறக்கும்."

"தடை பண்ணினதைத் திறக்குறது தப்பில்லையா?"

"தப்போ சரியோ, திறந்துட்டேன். நீங்க இதைப் பாருங்க."

குடும்ப குரூப் திறந்திருந்தது. ராத்திரியிலிருந்து செய்திகள் வரிசையாகக் கிடந்தன. கபீரின் தம்பி, சுஹாவின் சாச்சா இஃப்திகார் அதே கல்ஃபு ஊரில்தான் இருக்கிறார். காலையிலிருந்து ஆறு தடவை, 'ஊர்ல என்ன ஆச்சு, ஏன் யாரும் பேசல' என்று கேட்டிருந்தார். துபாயில் இருக்கும் மாமன் மகள் லாமியா குழந்தையின் படம் போட்டிருந்தாள். மஸ்கட்டில் இருப்பவர் பிரியாணிப் படம் போட்டிருந்தார். அங்கே இருப்பவர்கள் எல்லோரும் எப்போதும்போலப் புழங்கிக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம போன்ல கடைசியா லூக்கோ ஓடினது ராத்திரி பன்னெண்டு நாலு" என்றாள் சுஹா. "அந்த நேரத்துலதான் இங்கன தடை விழுந்திருக்கு. பெரியம்மா போன்லயும் பன்னெண்டு நாலு. லாமியா இப்ப ஆன்லைன்ல இருக்கா. சாச்சா இப்ப இருக்காக."

"சரி."

"அத்தா கடைசியா ஆன்லைன்ல இருந்த நேரம் என்ன காட்டுதுன்னு பாருங்க."

ஜுனைதா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். பன்னிரண்டு நாலு.

அவளுக்கு உடனே விளங்கவில்லை என்று சொன்னால் அது பொய். விளங்கியது. விளங்கியதை உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்திக்கொண்டாள்.

"சார்ஜ் இல்லாம அணைஞ்சிருக்கும்."

"சரியா அந்த நிமிஷமேவா?"

"அவுக நம்பரு அந்த நாட்டு நம்பரு, சுஹா."

"ஆப்புக்கு நம்பர் ஒரு பேர் மாதிரிம்மா. ஒரு தடவை பதிஞ்சுட்டா போதும், சிம் எங்க கிடந்தாலும் ஓடும். ஆனா தடை அப்படியில்ல. எந்த நாட்டு நெட்டுல போன் இருக்கோ அங்கதான் பிடிக்கும். இந்தத் தடை இந்தியாவுக்குள்ள இருக்குற போனைத்தான் நிறுத்தும்."

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. அத்தாவைப் பற்றி அதைச் சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை.

"சாச்சாகிட்டக் கேளு" என்றாள் ஜுனைதா.

சுஹா தட்டினாள். 'சாச்சா, அத்தாவைப் பாத்து எங்களுக்குப் பேசச் சொல்லுங்க. அவசரம்.' அடுத்த நொடி பார்த்துவிட்டார். 'டைப் செய்கிறார்' என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. நின்றது. அப்புறம் இஃப்திகார் ஆப்பை விட்டே வெளியே போய்விட்டார்.

தாயும் மகளும் அந்த வெற்றுத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுப்பில் தொதல் அடிபிடித்த வாசனை வந்த பிறகுதான் ஜுனைதா ஓடினாள்.

கிண்டிக்கொண்டே இருந்தபோது அது நினைவுக்கு வந்தது. போன மாசம் கண் காட்டுவதற்கு மதுரைக்குப் போயிருந்தார்கள். அன்று ராத்திரி லூக்கோவில் அவர், "மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல அம்புட்டு வெயில்ல நிக்கணுமா? கண்ணுல மருந்து விட்டிருக்கு. கொஞ்சம் தள்ளி நிழல்ல நின்னா என்ன?" என்று கடிந்துகொண்டார். ஜுனைதா உருகிப் போனாள். எங்கேயோ கிடந்துகொண்டு என்னையே நினைத்துக்கொண்டிருக்கிறாரே என்று பக்கத்து வீட்டு மீனம்மாளிடம் கூடச் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

வெயிலில் நின்றதை அவள் அவரிடம் சொல்லவே இல்லை. சுஹாவும் சொல்லியிருக்க முடியாது. அவள் அப்போது தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தாள்.

ஜுனைதா விடாமல் கிண்டினாள். அழவில்லை. அழுதால் குல்சும் லாத்தா வரும்போது கண் சிவந்திருக்குமே என்று தோன்றியது. இந்த நேரத்திலும் அந்த யோசனை வந்ததற்காகத் தன்மேலேயே வெறுப்பும் வந்தது.

அஸர் பாங்கு சொல்லி அரை மணி நேரத்தில் குல்சும் லாத்தா வந்துவிட்டாள். கையில் ஒரு தட்டு, தட்டில் பூவும் சீனியும் பேரீச்சம்பழமும். முடிவு சாதகமாகத்தான் இருக்கும் என்ற தைரியத்தோடு வருகிறவள் கொண்டுவருகிற தட்டு அது.

சலாம் சொல்லி, உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து, தொதலைத் தின்று, "லேசா அடிபிடிச்சிருக்கு, ஆனா ருசியாத்தான் இருக்கு" என்று மறைக்காமல் சொன்னாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"கபீரு தம்பி என்னம்மா சொல்லுச்சு?"

ஜுனைதா வாயைத் திறந்தாள். வார்த்தை தானாக வந்தது.

"எங்க லாத்தா பேச முடிஞ்சுச்சு? ஆப்பைத்தான் தடை பண்ணிட்டாகளே. ராத்திரியில இருந்து அவுககிட்டப் பேசவே முடியலை."

"ஆமா ஆமா, கேள்விப்பட்டேன்" என்று குல்சும் லாத்தா உடனே ஏற்றுக்கொண்டாள். "பாழாப்போன தடை! நீ என்ன பண்ணுவே பாவம்!"

ஏன், எப்படி என்று ஒரு கேள்வி இல்லை. தடை என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. உண்மையில் தடை இருந்தது. பேச முடியவில்லை என்பதும் உண்மை. இரண்டு உண்மைகளைச் சேர்த்து ஒரு பொய்யைத் தான் சொல்லிவிட்டதை ஜுனைதா உணர்ந்தாள். எவ்வளவு சுலபமாக இருக்கிறது! நாலு மாசத்துக்கு முன்னால் அவருக்கும் இவ்வளவு சுலபமாகத்தான் இருந்திருக்கும்.

கதவோரம் நின்ற சுஹா அம்மாவைப் பார்த்தாள். ஜுனைதா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்கும் கஷ்டம்தான்மா" என்று குல்சும் லாத்தா தொடர்ந்தாள். "எம் மூத்த மருமவனும் கபீரு இருக்குற அதே ஊருலதானே? நேத்து ராத்திரி கூட முகம் பாத்துப் பேசிக்கிட்டிருந்தேன். தாடி வச்சிருக்கு, நல்லாவே இல்ல."

"முகம் பாத்தா?" என்றாள் ஜுனைதா. "அங்கன வீடியோவைத் தடை பண்ணிட்டாகல்ல லாத்தா, நாலு மாசமா?"

"யாரு சொன்னா? அப்படியெல்லாம் ஒன்னும் இல்லையே. தெனமும்தான் பாக்குறோம்."

அப்போது போன் அடித்தது. பத்து இலக்க நம்பர். உள்நாட்டு நம்பர். பெயர் இல்லை.

ஜுனைதா எழுந்து சமையல்கட்டுக்குப் போய்க் காதில் வைத்தாள். எதிர்ப்பக்கம் யாரும் பேசவில்லை. இரைச்சல் மட்டும் வந்தது. ஹாரன் சத்தம், சுண்டல் விற்கிறவன் சத்தம், அதற்கு மேலே ஒரு கண்டக்டரின் கட்டைக் குரல்: "தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, உப்பூர், தொண்டி! திருப்பாலைக்குடி, தொண்டி ஏறு!"

கடல் கடந்து இருப்பதாக நம்பிய மனிதனின் போனிலிருந்து சொந்த ஊரான திருப்பாலைக்குடியின் பேரைக் கூவுகிறான் ஒருவன்.

"ஜுனைதா... நான்தான்."

"தெரியுது."

"இஃப்தி ரூம்ல கூட இருக்குறவன் நம்பருக்குப் போட்டுச் சொன்னான், சுஹா கேட்டான்னு. ஒன்னரை மணிக்கு மதுரையில பஸ் ஏறிட்டேன். இப்ப ராம்நாடு பஸ் ஸ்டாண்டுல நிக்குறேன். ஒரு சிம் வாங்கி..."

"எத்தனை நாளா மதுரையில?"

கண்டக்டர் மறுபடி கூவினான்.

"நாலு மாசமா."

"மாட்டுத்தாவணியில அன்னைக்கு என்னைப் பாத்தீங்கள்ல?"

"பாத்தேன்."

"எம்புட்டு தூரத்துல நின்னீங்க?"

"பக்கத்துலதான். நடுவுல ஒரு பஸ் நின்னுச்சு."

அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பதினோரு வருஷமாக முகத்தைப் பார்க்கக் கிடைத்ததையெல்லாம் சேர்த்தால் ஒன்றரை வருஷம் வராது. கைக்கெட்டுகிற தூரத்தில் நின்றுகொண்டு ஒருத்தர் வராமல் இருக்க முடியுமா? இருந்திருக்கிறார்.

"வீடியோ தடைன்னு சொன்னது?"

"நான் போட்டதுதான். பின்னாடி சுவரைப் பாத்தா கண்டுபிடிச்சிருவீங்கன்னு... உங்க நல்லதுக்குத்தான் ஜுனைதா."

"காலையில கவர்மெண்டும் இதையேதான் சொல்லுச்சு" என்றாள் அவள். "நானும் சரிதான்னு சொன்னேன். எம் மக திட்டினா. என்ன காரணம்? அதைச் சொல்லுங்க."

"ரெண்டு இருக்கு. ஒன்னு போன்லயே சொல்லிருவேன். வேலை போயிருச்சு. கம்பெனியை மூடிட்டாக. சுஹா கல்யாணத்துக்கு நிக்குற நேரத்துல வெறுங்கையோட வந்து நிக்க முடியலை."

"இன்னொன்னு?"

"அதை உன் முகத்தைப் பாத்துத்தான் சொல்லணும். பஸ் எடுத்துட்டான். முக்கால் மணி நேரத்துல வந்துருவேன்."

போன் அணைந்தது.

வெளியே குல்சும் லாத்தாவின் பேச்சுக்குரல் கேட்டது. சுஹாவிடம் படிப்பைப் பற்றி ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தாள். இப்போது ஜுனைதா வெளியே போய் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். ராங் நம்பர் என்று சொல்லலாம். தடை நீங்கினதும் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று தவணை வாங்கலாம். முக்கால் மணி நேரத்துக்குள் லாத்தாவை வண்டி ஏற்றிவிட்டால் தொண்டிக்கு ஒன்றும் தெரியாது. கல்யாணமும் கெடாது. பெண்ணின் நல்லதுக்குத்தான்.

அந்தக் கடைசி வார்த்தை தன் மனதுக்குள்ளேயே வந்ததும் அவள் நின்றுவிட்டாள்.

முகத்தைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். கூடத்துக்கு வந்து லாத்தாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"லாத்தா, கொஞ்ச முன்னாடி நான் உங்ககிட்ட முழுசாச் சொல்லலை. அவுக கல்ஃபுல இல்ல. வேலை போயிருச்சு. நாலு மாசமா மதுரையில இருந்திருக்காக. எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்."

குல்சும் லாத்தாவின் கை பூத்தட்டின் மேல் போய் நின்றது. எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை. சுஹாவின் கண்கள் அந்தக் கையையே பார்த்தன. ஒன்றும் சொல்லாமல் இருந்தே சம்மதம் சொன்ன பெண், இப்போதும் ஒன்றும் சொல்லாமல் நின்றாள்.

"மறைச்சது எதுக்காம்?" என்றாள் லாத்தா.

"ஒரு காரணம் சொன்னாக. இன்னொன்னு இருக்காம். நேர்ல சொல்றேன்னு வந்துக்கிட்டு இருக்காக. நீங்க போறதுன்னா போங்க லாத்தா, நான் தப்பா நினைக்க மாட்டேன்."

லாத்தா தட்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எம் மவனைக் கட்டப்போற புள்ளையோட அத்தா. சொன்ன காரணத்துக்கு நான் தட்டைத் தூக்க மாட்டேன், வேலை யாருக்கும் போகும். சொல்லாத காரணம்னு ஒன்னு இருக்குல்ல, அதைக் கேட்டுட்டு முடிவு பண்றேன். இன்னொரு தேத்தண்ணி போடு."

ஜுனைதா எழுந்தாள். நாலு டம்ளர் எடுத்து வைத்தாள்.

தெருவில் மீனம்மாள் தண்ணீர்க் குடத்தோடு நின்று இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். சுஹா கதவில் கை வைத்தாள்.

"சாத்திரவாம்மா? அத்தா வர்றப்ப எல்லாரும் பாப்பாக."

"வேணாம்" என்றாள் ஜுனைதா. "திறந்தே கிடக்கட்டும்."